பதினாலு பாகம்

“ஒரு கிளாஸ் டீ, ரெண்டு ஸ்பூன் சக்கரை” என்பார் அப்பாவு. வயதைக் கேட்டால், “அம்பத்தி ரெண்டு வருஷம்.” வெறும் எண் அவர் வாயில் வராது. அனுமந்தைக் கடற்கரையில் இதைச் சொல்லி அவரைச் சீண்டாத ஆளில்லை. “எத்தினின்னு கேட்டா நாலுன்னு சொல்லாம, நாலு இட்லின்னுது இந்த மனுஷன்” என்று தலையில் அடித்துக்கொள்கிறாள் மனைவி சாலம்மாள். காரணம் தெரியும்வரை எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

இந்தப் பக்கத்து மீனவர்கள் கடலை மைலில் அளப்பதில்லை, ஆழத்தில் அளக்கிறார்கள். விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம். பழக்கத்தில் அந்தச் சொல்லையும் விட்டுவிடுவார்கள். ‘பதினாலுல வலை போட்டேன்’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

2006 ஆடியில், சுனாமி நிவாரணமாகக் கிடைத்த பைபர் படகில் மீன் பிடிக்கப் போன அப்பாவு, பதினாலில்தான் அகதிகள் படகு ஒன்றைப் பார்த்தார். இலங்கையில் சண்டைக்குத் தப்பி வந்தவர்கள். எஞ்சின் நின்று, நீரோட்டம் வடக்கே இழுத்து வந்திருந்தது. தண்ணீர்க் கேனைக் கொடுத்தார். ஒரு பெண் கைக்குழந்தையை நீட்டி, “இவளையாவது கொண்டு போங்கோ அண்ணை” என்றிருக்கிறாள். அகதிகளை ஏற்றி வந்தால் ஆள் கடத்தல் வழக்கு பாயும் என்று ஊரில் எல்லோருக்கும் பயம். அரசாங்கப் படகை அனுப்புகிறேன், எல்லோரும் சேர்ந்தே வாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கரைக்கு விரைந்தார்.

வந்ததும் கடலோரக் காவல் படைக்குப் போன் செய்தார். எவ்வளவு தூரத்தில் என்று கேட்டார்கள். “பதினாலுலங்க.” பன்னிரண்டு கடல் மைலோடு நம் நாட்டுக் கடல் முடிகிறது, பதினாலு என்றால் எல்லைக்கு வெளியே, மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றது மறுமுனை. இவருக்கு எதுவும் விளங்கவில்லை. சரிங்க என்று வைத்துவிட்டார். மேலிடம் சொல்லிப் படகு புறப்படுவதற்குள் மறுநாள் ஆகிவிட்டது. கடலில் யாருமில்லை. அவர் பார்த்த இடம் கரையிலிருந்து ஐந்தாறு மைல்கூட இராது.

“பாகம்னு ஒரு வார்த்த. அத முழுங்கிட்டேங்க” என்றார்.

இப்போது கீழ்ப்புத்துப்பட்டு அகதி முகாமுக்கு மீன் கொண்டு போகிறார். விற்பதைவிட முகங்களைப் பார்ப்பதுதான் வேலை. வேறெங்காவது கரை ஒதுங்கி இங்கே வந்து சேர்ந்திருக்க மாட்டார்களா என்ற நப்பாசை. இதுவரை அந்தப் பெண்ணின் முகம் தென்படவில்லை.

நான் உடன் போன அன்று, கானாங்கெளுத்தி மீன் பொறுக்க வந்த ஒருத்தி, “ஒருக்கா பிடியுங்கோ” என்று இடுப்புக் குழந்தையை நீட்டினாள். கையிலிருந்த தராசை அப்படியே போட்டுவிட்டு வாங்கிக்கொண்டார். மீனை எடுத்து முடித்து அவள் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. குழந்தையைத் தோளோடு அணைத்துக்கொண்டு, கடலுக்கு முதுகைத் திருப்பி நின்றார்.