இரண்டாம் வகுப்புக்கு வந்த வரிசைத் தட்டுகள்

தொண்ணூறுகளின் நடுவில் ஜீவனஹள்ளியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு மிஸ்ஸாக இருந்தேன். எனக்குக் கோபம் வந்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். உங்கள் குரலை வைத்தே கணக்குப் பீரியடு ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்துகொள்வேன் என எதிரே இருந்த சைக்கிள் கடைக்காரர் ஒருநாள் பெருமையாக வேறு சொன்னார். மல்லேஸ்வரத்திலிருந்து பஸ் மாறி, நின்றபடியே வருகிறவளுக்கு வகுப்பில் நுழையும்போதே பாதிக் கோபம் தயாராக இருக்கும். மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த வருஷக் கடைசியில் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் எங்கேயோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போனார். போகும்போது நன்றாகத்தான் போனார். வந்த பிறகு பேச்சே மாறிவிட்டது. மார்க் போட்டால் மட்டும் போதாதாம். தான் என்ன கற்றுக்கொண்டோம் என்று குழந்தையே யோசிக்க வேண்டுமாம், யோசித்ததைத் தன் வாயால் சொல்ல வேண்டுமாம், அதை எல்லோரும் கூடிக் கொண்டாட வேண்டுமாம். சரி மேடம் என்றேன். வேறென்ன சொல்வது?

மறுநாள் வகுப்பில் கேட்டேன், இந்த வருஷம் என்ன கற்றுக்கொண்டீர்கள், நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று. யோசித்தார்கள், பாவம். சாக்பீஸில் மஞ்சள்தான் கொஞ்சம் ருசி என்றான் ஒருவன். சாப்பாட்டுக்குப் பிறகு ஆயா கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார் என்று இன்னொருத்தி கண்டுபிடித்திருந்தாள். மிஸ்ஸுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், பிறகுதான் சத்தம் வரும், அதற்குள் உட்கார்ந்துவிடலாம் என்று ஒருவன் எழுந்து சொன்னபோது வகுப்பே தலையாட்டியது. எனக்கு மூக்கு சிவந்தது. எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒருத்தி மட்டும் எதுவுமே சொல்லவில்லை. அவளுக்கு இரண்டாம் வகுப்பு அது இரண்டாவது தடவை. போன வருஷம் வேறு மிஸ்ஸிடம் படித்து ஃபெயில். போர்டில் இருப்பதை அழகாகப் பார்த்து எழுதுவாள். ஆனால் கேள்வி கேட்டால் போதும், கல்லாகிவிடுவாள். பரீட்சைத் தாளில் பெயரைத் தவிர ஒன்றும் இருக்காது. கண் மட்டும் நான் போகிற பக்கமெல்லாம் வரும். தேன்மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன், தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். கத்திப் பார்த்தேன், சைக்கிள் கடைக்காரர்தான் எட்டிப் பார்த்தார்.

இந்தத் தடவையும் ஃபெயிலானால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவதாக அவளுடைய அப்பா வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். சந்தாபுராவில் அவருடைய தங்கைக்குக் கைக்குழந்தை, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னார். ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய்க் கெஞ்சினேன். அவர் இளகியவர்தான். கொண்டாட்டத்தன்று எல்லார் முன்னாலும் அவள் கற்றுக்கொண்டதை நாலு வாக்கியம் வாய் திறந்து சொல்லட்டும், மூன்றாம் வகுப்புக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார்.

அழைப்பை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "குழந்தைகள் கற்றுக்கொண்டதைக் கொண்டாடுகிறோம், குடும்பத்தோடு வந்து வாழ்த்துங்கள்" என்று எல்லார் டைரியிலும் எழுதி அனுப்பினேன். எங்கள் வீட்டுப் பக்கம் குடும்பத்தோடு என்று அச்சடித்தால் ஒரே ஒருவர் வந்து காபி குடித்துவிட்டுப் போவார். ஜீவனஹள்ளியில் அப்படி இல்லை. பிள்ளைக்கு விசேஷம் என்றால் முதலில் வர வேண்டியவர் தாய்மாமன். அவர் வெறுங்கையோடு வரமாட்டார், வரிசைத் தட்டோடு வருவார். இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். அன்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. ஏதோ கல்யாண ஊர்வலம் என்று நினைத்தேன். ஊர்வலம் எங்கள் கேட்டுக்குள் திரும்பியது. மாமன்கள், மாமன்கள், எங்கே பார்த்தாலும் மாமன்கள். பின்னால் அத்தைகள், தட்டுகளோடு. வாழைப்பழம், தேங்காய், லட்டு, ஜரிகை வைத்த பாவாடை, ஒரு டஜன் பென்சில். ஒருவர் எவர்சில்வர் குடமே கொண்டு வந்திருந்தார். இரண்டாம் வகுப்பு படித்ததற்குக் குடம். தெருவில் போன ஒரு கன்னடத்து அம்மாள் கேட்டருகே நின்று "யார மதுவெ?" என்று கேட்க, எங்கள் ஆயா அசராமல், இது கல்யாணமில்லை, இரண்டாம் கிளாஸ் என்று சொல்லி அவருக்கும் சந்தனம் கொடுத்து உள்ளே அனுப்பினார்.

நான் வாசலில் நின்று, இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். பட்டுச் சட்டை போட்ட மாமன் ஒருவருக்கு மனசு புண்பட்டுவிட்டது. "இன்னா மிஸ், தாய்மாமன் நான் இருக்கறப்போ கொயந்தைக்கு ஃபங்ஷன்னு சொல்லிட்டு, கைய வீசிகினா வர முடியும்?" என்றார். அமைதியாக உட்கார்ந்து கண்ணை மூடி யோசிக்கிற நிகழ்ச்சியாக இதைத் திட்டமிட்டிருந்த ஹெட்மிஸ்ட்ரஸ் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். இது என்ன மிஸ் என்று மெதுவாகக் கேட்டார். கொண்டாட்டம் மேடம் என்றேன்.

அதற்குள் யார் தட்டு முதலில் போவது என்று தகராறு. பட்டுச் சட்டைக்காரரும் குடக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தள்ள, லட்டுத் தட்டு கவிழ்ந்தது. லட்டுகள் பெஞ்சுக்கு அடியில் உருள, பிள்ளைகள் பின்னாலேயே உருண்டார்கள். எனக்கு வந்ததே கோபம்.

"எல்லாரும் உக்காருங்க. வாயில விரல் வைங்க."

வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்கவில்லை. மாமன்கள் அத்தனை பேரும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து வாயில் விரலை வைத்துக்கொண்டார்கள், மேளக்காரர் உட்பட. அப்போது பின்வரிசையில் ஒரு சிரிப்பு கேட்டது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அது அவள். வருஷம் முழுக்க நான் கேட்காத சத்தம் அது.

ஹெட்மிஸ்ட்ரஸும் கேட்டுவிட்டார். அவளையே முதலில் கூப்பிட்டார். கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று நான் ஜாடை காட்டினேன், அவர் பார்க்கவில்லை. அவள் முன்னால் வந்து நின்றாள். சிரிப்பு போய்விட்டது, பழையபடி கல். நான் தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன். தரையில் இருந்த அவளுடைய மாமன், அந்தப் பட்டுச் சட்டைக்காரர்தான், பொறுக்கமாட்டாமல் விரலை எடுத்துவிட்டு, சொல்லு கண்ணு என்றார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். இடுப்பில் கை வைத்தாள். "பேசாதீங்க. விரல் எங்க?" என்றாள். குரல் என்னுடையது.

மாமன் விரலை வைத்துக்கொண்டார். பிறகு அவள் நிற்கவே இல்லை. தலைக்கு மேல் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியை நான் மேஜையெல்லாம் தேடுவேனே, அப்படியே தேடிக் காட்டினாள். அட்டெண்டன்ஸ் எடுத்தாள். போர்டில் நாற்பத்திரண்டு எழுதி, கீழே பதினேழு எழுதி, "ரெண்டுல ஏழு போகுமா? போகாது. பக்கத்து வீட்டுல கடன் வாங்கு. வாங்கினதை மறக்காத" என்று கழித்து, சரியாக இருபத்தைந்து போட்டாள். குடக்காரரை எழுப்பி நாலெட்டு எவ்வளவு என்று கேட்டாள். அவர் முனகினார். "தப்பா இருந்தாலும் சத்தமா சொல்லு. காதுல விழுந்தாத்தானே திருத்துவேன்? அங்க என்ன பாக்கற, விட்டத்துல எழுதியிருக்கா?" என்று அதட்டி, முப்பத்திரண்டு என்று தானே சொல்லி அவரை உட்கார வைத்தாள். இரண்டாம் வகுப்புப் பாடம் முழுக்க அந்தச் சின்ன வாயிலிருந்து என் குரலில் வந்துகொண்டிருந்தது. கூடம் குலுங்கியது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை ஒரு பக்கம், மானம் போகிறதே என்று இன்னொரு பக்கம். நான் இப்படியா கழுத்தை ஆட்டுவேன்? ஆயாவைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையசைத்தார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே, போதும் கண்ணு, நீ மூன்றாம் கிளாஸ்தான் என்றார். மாமன் மேளக்காரரை விலாவில் இடித்தார், மேளம் ஒரு தட்டுத் தட்டி அடங்கியது. அவளுடைய அப்பா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் பயிற்சி முகாம் ஞாபகம் வந்துவிட்டது. இதெல்லாம் மிஸ் சொல்லிக்கொடுத்தது, நீயாக என்ன கற்றுக்கொண்டாய், யோசித்துச் சொல் என்றார்.

அவள் உண்மையாகவே யோசித்தாள். இடுப்பிலிருந்த கையை எடுத்தாள். இந்தத் தடவை வந்தது அவளுடைய சொந்தக் குரல், சின்னதாக இருந்தது.

"இந்த மிஸ் கத்துவாங்க. ஆனா அடிக்க மாட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த பிள்ளையைக் கூப்பிட வேண்டியது நான். வாயைத் திறந்தேன், சத்தமே வரவில்லை.