காத்திருப்பு அறையில் ஷகிலா அக்கா விட்ட மீன்கள்

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் செல்லும் பேருந்தில் இருந்தபோது அந்த அழைப்பு வந்தது. ஷகிலா அக்காவின் கணவர் பேசினார். "செல்வியம்மா, ஷகிலா மௌத்தாயிட்டாம்மா. சாயந்திரம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." வெளியே வெற்றிலைக் கொடிக்கால்கள் ஓடிக்கொண்டே இருந்தன. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்துபோனதை அறியவில்லை.

நாமக்கல்லில் நான் வரவேற்பு மேசையில் இருக்கும் ஸ்கேன் மையத்தில், ஷகிலா பானு டெக்னீஷியனாக இருந்தவர். சேலத்தில் பிறந்தவர்; லாரி உதிரிப்பாகக் கடைக்காரரை மணந்து நாமக்கல்லுக்கு வந்தவர். "மூச்சை இழுத்துப் பிடிங்க... இப்ப விடுங்க" என்று உள்ளேயிருந்து அவர் சொல்லும்போது, மேசையில் இருக்கும் நானும் என்னையறியாமல் மூச்சை விடுவேன். அப்படியொரு குரல்.

எங்கள் காத்திருப்பு அறையில் கண்ணாடித் தொட்டி ஒன்று கலங்கிக் கிடந்தது. அதிலிருந்த மீன்கள் எப்போதோ செத்திருந்தன. மேலாளர் அதைத் தூக்கிப்போடச் சொன்னபோது, "இங்கயே இருக்கட்டும் சார், நான் பாத்துக்கறேன்" என்றார் அக்கா. தேய்த்துக் கழுவினார். அடியில் மண்ணும் மேலே பொடிக்கல்லும் பரப்பி, நீண்ட இடுக்கியால் ஒவ்வொரு செடியாக நட்டார். வாரங்கள் போயின. செடிகள்தான் வளர்ந்தன.

"எப்பங்கக்கா மீன் உடுவீங்க? தண்ணிக்குள்ள புல்லு வளக்கறீங்களான்னு எல்லாரும் கேக்கறாங்க."

"தண்ணி பக்குவப்படட்டும் செல்வி. வீட்டைத் தயார் பண்ணாம விருந்தாளியக் கூப்பிடலாமா?"

பிறகு ஒருநாள் சேலத்திலிருந்து பேருந்தில், காற்றடைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நியான் டெட்ரா. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. உடம்பில் ஒரு நீலக் கோடு, வாலருகே சிவப்பு. அந்த வாரமே பெரும்பாலானவை மிதந்தன. எங்கள் போர் தண்ணீரின் உப்பு அவற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வலைக்கரண்டியோடு நின்ற அக்கா, "இதுங்க மழைக்காட்டு ஓடையில இருக்கறதுங்க. மெல்லிசான தண்ணி வேணும்" என்றார். கண் கலங்கியிருந்தது.

பரமத்தி வேலூரில் எங்கள் வீட்டு மாடியில் பிடித்த மழைத்தண்ணீரைக் கேனில் கொண்டுவந்தேன்.

"ஏனுங்க, கேன்ல எண்ணெய்ங்களா?" என்றார் நடத்துநர்.

"இல்லீங்க, மீனுக்குத் தண்ணிங்க."

"மீனுக்கா! காவேரிக் கரையிலிருந்து பஸ்ல ஏத்திட்டுப் போறீங்களே!" பேருந்தே சிரித்தது.

அக்கா மழைத்தண்ணீரைப் போர் தண்ணீரோடு கலந்து பார்த்தார். அடுத்த முறை வந்த மீன்கள் பிழைத்தன. அதன்பின் அந்த அறையின் பகல்களே மாறிப்போயின. இலைகளின் நுனியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் எழும்பும். அவற்றினூடே நீலக் கோடுகள் ஒன்றாகத் திரும்பும், ஒன்றாக நிற்கும், செடிகளுக்குள் கரைந்து வேறெங்கோ தோன்றும். காத்திருப்பவர்களின் பேச்சு தானாகத் தணியும். சிலசமயம் பெயரைக் கூப்பிட்டாலும் எழமாட்டார்கள்.

திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா, ஸ்கேன் அறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார். வயிற்றில் கட்டி என்று சந்தேகம். "எனக்கு ஒண்ணுமில்லீங்க. நான் ஊட்டுக்குப் போறனுங்க." அக்கா வற்புறுத்தவில்லை. தொட்டியெதிரே அவரோடு உட்கார்ந்துகொண்டார். கூட வந்திருந்த மகன் செருப்பைத் தரையில் தட்ட, மீன்களெல்லாம் ஓடிவந்து ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிக்கொண்டன.

"பயந்துக்கிச்சுங்களா?" என்றார் அந்த அம்மா.

"ஆமாம்மா. பயந்தா இதுங்க தனியா நிக்காது."

சற்று நேரத்தில் அந்த அம்மா எழுந்தார். "நீங்களும் கூட வாங்க சாமி" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

சென்ற ஆண்டு அக்காவுக்கே ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தது. பணிக்கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, நோயாளிகளுக்கான நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். வெகுநேரம் தொட்டியையே பார்த்திருந்தார்.

"இத்தனை நாள் நின்னுக்கிட்டுத்தான் பாத்திருக்கேன் செல்வி. உக்காந்து பாத்தா இன்னும் ஆழமாத் தெரியுது." பிறகு, "என்ன வருமோன்னு இருக்கு" என்றார். அவர் பயந்து நான் கண்டது அன்றுதான்.

உள்ளே இளைய டெக்னீஷியன் மூச்சைப் பிடிக்கச் சொன்னது கேட்டது. கதவுக்கு வெளியே நானும் பிடித்துக்கொண்டேன்.

நோய் முற்றியிருந்தது. சிகிச்சைக்கு நடுவேயும், உடம்பு இடம்கொடுத்த நாட்களில் வந்து செடி கத்தரித்தார். கை நடுங்கத் தொடங்கியபின் இடுக்கியை என்னிடம் தந்துவிட்டு, "அந்த மூலையில அடர்த்தியாவே விடு. அதுங்க ஒளியறதுக்கு இடம் வேணும்" என்றார்.

அடக்கத்தன்று அவர் வீட்டுப் பெண்களோடு இருந்து முகம் பார்த்தேன். வெள்ளைத் துணிக்குள் சிறியவராகத் தெரிந்தார்.

மறுநாள் எல்லோருக்கும் முன்பே மையத்துக்குப் போனேன். அறை இருட்டாக இருந்தது. தொட்டி விளக்கைப் போட்டதும் திகைத்துப்போனேன். மீன்களின் உடம்பில் நிறமே இல்லை. சாம்பல் துணுக்குகளாக நின்றன. செத்துக்கொண்டிருக்கின்றன என்றே நினைத்து, தொட்டியருகே மண்டியிட்டேன். மெல்ல, ஒன்றின் மேல் நீலம் ஊறியது. பிறகு இன்னொன்றின் மேல். அவை உறங்கி எழுகின்றன என்று அப்போதுதான் புரிந்தது. நீலம் முழுதும் வந்து சேரும்வரை அசையாமல் இருந்தேன்.

நீங்கள் உறங்குங்கள் அக்கா. விளக்கை நான் போட்டுக்கொள்கிறேன்.