மாமாவிடம் மிஞ்சிய சொல்

மாமாவின் வலது கையிலிருந்து சோறு கோப்பைக்குள் திரும்ப விழுந்தது. அவர் மறுபடியும் பிசைந்து எடுத்தார். மறுபடியும் விழுந்தது. பிழை கோப்பையில்தான் என்பதுபோல அதைத் தள்ளி வைத்தார்.

“முள்ளுக் குத்திப்போட்டுதோ?” என்று றீற்றா மாமி கேட்டார்.

மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஒரு பக்கம் மட்டும்தான் திறந்தது. எழும்பி முற்றம் வரைக்கும் வந்தவர் வலது பக்கமாகச் சரிந்து விழுந்தார்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் ஓர்ஸ் ஹில் சரிவுக்குக் கீழே உள்ள எங்கள் ஒழுங்கையில் (சந்தில்), பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போன பிறகு வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள்தான் அதிகம். உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும். ஒருவர் உங்கள் கண்முன்னே இப்படி விழுந்தால் என்ன செய்யக் கூடாது என்பதை நாங்கள் செய்து பார்த்துவிட்டோம். அதனால் எழுதுகிறேன்.

சவிரிமுத்து மாமா என் அம்மாவின் தம்பி. சங்குக்கும் கடலட்டைக்கும் மூச்சுச் சிலிண்டர் கட்டி இறங்கிய சுழியோடி. ஆழத்துக்குப் போகிறவர்கள் அவசரப்பட்டு மேலே வந்தால் இரத்தத்துக்குள் காற்றுக் குமிழிகள் உண்டாகும். கை கால் விழுந்துபோகும். எங்கள் கரையில் அதற்கு ஒரு வைத்தியம் உண்டு. ஆளைத் திரும்பவும் சிலிண்டரோடு கடலுக்குள் இறக்கி, ஆழத்தில் பிடித்து வைத்திருந்து, மெல்ல மெல்ல மேலே கொண்டுவருவார்கள். டொக்டர்மார் இது ஆபத்தான வேலை என்கிறார்கள். ஆனால் அப்படி இறக்கி எழும்பி நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைக் கரையில் பலருக்குப் பழக்கியவரே மாமாதான்.

அன்று காலையில் அவர் செய்தது இவ்வளவுதான்: ஒரு படகின் விசிறியில் சுற்றிய கயிற்றை வெட்ட, ஓர் ஆள் உயரத் தண்ணீருக்குள் இறங்கி ஏறினார்.

சத்தம் கேட்டுக் கரையிலிருந்து றமீஸ் ஓடிவந்தார். கிண்ணியாவைச் சேர்ந்தவர், மாமாவிடம் தொழில் பழகியவர்.

“காலமை தண்ணிக்குள்ள இறங்கினவரோ?”

“ஓம், கயிறு வெட்டப் போனவர்,” என்றார் மாமி.

“அப்ப காத்துத்தான். இறக்கினாச் சரிவரும்.”

“அது ஆழமில்லையே,” என்றேன்.

“வயசுபோன உடம்பு, அன்ரன் அண்ணன். இதுக்கு ஆழம் வேணுமெண்டில்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மினக்கெடாதேங்கோ, முதல்ல இறக்குங்கோ எண்டு அவர்தானே எங்களுக்குச் சொல்லித் தந்தவர்.”

மாமி மாமாவின் முகத்தைப் பார்த்தார். “அவர் சொன்னதைச் செய்யுங்கோ,” என்றார்.

வள்ளத்தில் ஏற்றி உட்துறைமுகத்தைத் தாண்டிக் கொண்டுபோனோம். மாமாவின் உதடு ஒரு பக்கம் மூடவில்லை. றமீஸ் தன்னையும் அவரையும் ஒரு கயிற்றால் பிணைத்து, சிலிண்டரின் வாய்க்குழாயைத் தன் உள்ளங்கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு அவரோடு இறங்கினார். மேலே இருந்த நாங்கள் குமிழிகள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குமிழி வந்தால் மூச்சு இருக்கிறது என்று அர்த்தம். வேறொன்றும் எங்களுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர் இளம் பெண் டொக்டர்.

“எத்தினை மணிக்கு விழுந்தவர்?”

“மத்தியானம், சாப்பிடேக்குள்ள.”

“இவ்வளவு நேரமும் எங்க வச்சிருந்தனீங்கள்?”

“கடலுக்குள்ள.”

அவர் மாமாவின் தலைமயிரைத் தொட்டுப் பார்த்தார். “விழுந்தது கடலிலயோ?”

“இல்ல டொக்டர். விழுந்தது வீட்டு முத்தத்தில. பிறகுதான் கடலுக்குள்ள கொண்டுபோனாங்கள்.”

நான் விளங்கப்படுத்தினேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சி.ரி. ஸ்கான் (தலைக்குள் இருப்பதைப் படம் பிடிப்பது) எடுத்தார்கள். பாரிசவாதம். மூளைக்குப் போகும் குழாய் ஒன்றில் இரத்தம் கட்டியாகி அடைத்திருந்தது. காற்றுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்தக் கட்டியைக் கரைக்க ஓர் ஊசி மருந்து உண்டு. விழுந்து சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் உண்டு. நாங்கள் அந்த நேரத்தைக் கடலுக்குள் செலவழித்துவிட்டோம். அதோடு, மூடாத வாய் வழியாக உப்புத் தண்ணீர் நெஞ்சுக்குள் போய் நிமோனியா (நுரையீரல் அழற்சி) பிடித்தது.

இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். வாய் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தண்ணீர் பருக்க வேண்டாம். எண்ணெய் தேய்க்க வேண்டாம். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகத் தெரிந்த வைத்தியம் எங்களைக் கெடுத்ததுபோல உங்களையும் கெடுக்கலாம்.

மாமா பிழைத்தார். மூக்குக் குழாயால் கஞ்சி போனது. வலது கையும் காலும் திரும்பவில்லை. சத்தமே இல்லாமல் படுத்திருந்தார்.

ஒரு காலை, தாதி மூக்குக் குழாயை மாற்றும்போது மாமா பேசினார். தெளிவாக, வார்ட் முழுவதும் கேட்க. கயிறு சிக்கினால், இயந்திரம் நின்றால் அவர் வழக்கமாகச் சொல்லும் ஒரு தூஷண வார்த்தை. ஒருவருடைய தாயைப் பற்றியது. அதை இங்கே எழுத என்னால் ஏலாது.

மாமி கைகூப்பினார். “கதைச்சிட்டார்,” என்று பக்கத்துக் கட்டில்காரர் எல்லாருக்கும் சொன்னார். தாதியும் சிரித்தார். நான் வெளியே போய் ஆட்களுக்குத் தேத்தண்ணீர் வாங்கி வந்தேன்.

அடுத்த நாளும் அதே சொல். அதற்கு அடுத்த நாளும். அது அஃபேசியா (மூளையில் பேச்சுக்கான இடம் பழுதாகி, நினைப்பதைச் சொல்ல முடியாமல் போவது) என்று டொக்டர் சொன்னார்.

“அவருக்கு நீங்கள் கதைக்கிறது கனக்க விளங்கும். சொல்லத்தான் ஏலாது. பழக்கத்தில தானா வாற சொல் ஒண்டு ரெண்டு சிலருக்கு மிஞ்சும். ஏச்சு, செபம், எண்ணிக்கை, இப்பிடி ஏதாவது.”

“இவருக்குச் செபம் மிஞ்சேல்லையோ?” என்று மாமி கேட்டார்.

டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் முதலில் ‘தண்ணி’ என்ற சொல்லைப் பழக்கச் சொன்னார். “தண்ணி அவர் கேளாமலே குடுப்பன். என்ர பேர் வந்தாக் காணும்,” என்றார் மாமி. ஒவ்வொரு நாளும் மாமாவின் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, தன் நெஞ்சில் கைவைத்து, “றீ… றீற்றா… சொல்லுங்கோ,” என்பார். மாமா அவருடைய உதட்டைப் பார்ப்பார். நெற்றி நரம்பு புடைக்கும். இடது கை கட்டில் சட்டத்தை இறுக்கும். பிறகு அந்தச் சொல்தான் வரும்.

மாமி சிரிப்பார். “முப்பது வருசமா மனசுக்குள்ள என்னை இப்பிடித்தான் கூப்பிட்டிருக்கிறியள் போல.”

பாதர் நற்கருணை கொண்டுவந்தபோதும் அதே சொல்தான். மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். “அவரிட்ட இருக்கிறதைத்தானே அவர் தரலாம்,” என்று பாதர் சொன்னார். ஒழுங்கை அப்படி நினைக்கவில்லை. மாமாவின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பிலோமினா அக்கா அதற்கு ‘மாமாவின்ர செபம்’ என்று பெயர் வைத்தார். பசித்தால், நனைந்தால், இலையான் மொய்த்தால் மாமா சத்தம் போடுவார். “செபம் துவங்கிட்டுது,” என்பார்கள். கேட்டுக் கேட்டு, கடல் சத்தம்போல அது யாருடைய காதிலும் ஏறாமல் போனது.

மாமி மெலிந்துகொண்டு வந்ததை நாங்கள் கவனித்தோம். படுக்கைப்புண் வராமல் மாமாவைப் புரட்டிப் புரட்டிக் களைத்துவிட்டார் என்று நினைத்தோம். தாடை உளைகிறது, நடுமுதுகு உளைகிறது, ஏப்பம் வருகிறது என்றார். “வாயு, மாமி. இஞ்சி போட்டுக் குடியுங்கோ,” என்றார் பிலோமினா அக்கா. மாமியும் இஞ்சித் தேத்தண்ணீர் குடித்தார். பெண்களுக்கு மாரடைப்பு (இருதயக் குழாய் அடைத்துப்போவது) இப்படி நெஞ்சுவலி இல்லாமலும் தொடங்கும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிற வேலை செய்கிறேன். அன்று சீனன்குடாப் பக்கம் வேலை. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது, பிலோமினா அக்கா வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

“அன்ரன், உன்ர மாமா இண்டைக்குப் பெருநாள் பூசையே வச்சிட்டார். காலமையிலயிருந்து மூச்சுவிடாமச் செபம். இப்பதான் ஓய்ஞ்சது. குழந்தைப்பிள்ளையளின்ர காதைப் பொத்த வேண்டியதாப் போச்சு.”

“மாமி ஒண்டும் சொல்லேல்லையோ?”

“அவ என்னத்தைச் சொல்லுறது? காது புளிச்சிருக்கும்.”

மாமா வீட்டு முன்கதவு திறந்திருந்தது. கட்டிலில் மாமா இல்லை. கட்டிலிலிருந்து குசினி வாசல் வரைக்கும் சீமெந்துத் தரையில் ஈரமான ஒரு தடம் போனது. சிறுநீரும் இரத்தமும். வாசற்படியில் மாமா குப்புறக் கிடந்தார். விழுந்தவர் இடது முழங்கையை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். முழங்கையில் தோல் இல்லை. படியைத் தாண்ட ஏலவில்லை. நீட்டிய இடது கைக்கும் மாமியின் காலுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும்.

மாமி அடுப்படியில் கிடந்தார். உடம்பு குளிர்ந்திருந்தது.

மாமா என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. கத்திக் கத்தித் தொண்டை தீர்ந்திருந்தது.

திடீர் மரணம் என்பதால் உடலைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். மாரடைப்பு என்று சொன்னார்கள். நான் டொக்டர்மாரிடம் கேள்வி கேட்கிறவன் இல்லை. சொல்வதைக் கேட்டுக்கொண்டு வந்துவிடுவேன். அன்று கேட்டேன்.

“விழுந்த உடன செத்தவவோ?”

“இல்ல. கொஞ்ச நேரம் உயிர் இருந்திருக்கும்.”

“உடன ஆராவது வந்திருந்தால்?”

அவர் பேனாவை மூடினார். “அதை நான் சொல்ல ஏலாது, அண்ணன்.”

சொல்லத்தான் ஏலாது என்று எனக்கு விளங்கியது. அவருக்குப் பதில் தெரியும்.

செத்தவீட்டில் சொந்தக்காரர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பாதர் வாற நேரம் மாமாவை அறைக்குள்ள வச்சுக் கதவைச் சாத்திவிடும். செபத்துக்கு நடுவில அந்தக் கதை வந்தா மரியாதையில்ல.” நான் போய் மாமாவைத் தூக்கிக் கதிரையில் இருத்தி, கதிரையோடு பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன்.

எல்லாரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிலோமினா அக்கா தலையைக் குனிந்திருந்தார். மாமா மாமியின் முகத்தைப் பார்த்தார். நெற்றி நரம்பு புடைத்தது. உதடு விரிந்தது. அப்போது இடது கை எழும்பி வந்து அவருடைய வாயை இறுக்கிப் பொத்தியது. பெட்டியை மூடி, தூக்கி, ஒழுங்கை முனையைத் தாண்டும் வரைக்கும் அவர் அந்தக் கையை எடுக்கவில்லை. முழங்கைக் காயத்திலிருந்து கட்டுத்துணியையும் மீறி இரத்தம் வடிந்தது.

சேமக்காலையில், மாமியைக் குழிக்குள் இறக்கிய பிறகு, றமீஸ் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“அண்ணன், அண்டைக்குக் கடலுக்குள்ள வச்சு அவர் இடது கையால கயித்தைப் பிடிச்சு இழுத்தவர். ரெண்டு இழுவை. எங்கட தொழில்ல அது மேல எடு எண்டுறதுக்கு. அவர்தான் எனக்கு அதைப் பழக்கினவர்.” ஒரு பிடி மண்ணை எடுத்துக் குழிக்குள் போட்டார். “நான் கை வேலை செய்யுது எண்டு சந்தோசப்பட்டனான்.”

மாமாவை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கட்டில் சட்டத்தில் ஒரு மணி கட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டில் படுக்கையோடு ஒருவர் இருந்தால், அவருக்கு எட்டும் கைக்குப் பக்கத்தில் ஒரு மணி கட்டுங்கள். பேச்சு வரும், வரும் என்று காத்திருக்க வேண்டாம். மாமா மணியைத் தொடுவதில்லை. அவருக்குச் சொல்தான்.

இப்போது எனக்கு அந்தச் சொல் ஒரு சொல் இல்லை. தண்ணீருக்கு அது கட்டையாக வரும். வலிக்கு இழுத்து வரும். சாயங்காலம், மாமி தேத்தண்ணீரோடு வரும் நேரத்துக்கு, வாசலைப் பார்த்துக்கொண்டு மெல்லமாக ஒரு தரம் வரும். அது மாமியின் பெயர் என்று எனக்குத் தெரியும். அதை மாமியிடம் சொல்ல வழியில்லை.

நான் வேலையை வீட்டு முற்றத்துக்கு மாற்றிவிட்டேன். படகைத் தேய்க்கும் இயந்திரத்தை அடிக்கடி நிறுத்திக் காதுகொடுக்கிறேன். கை வேலையில் இருந்தாலும் முதுகு முழுவதும் அந்த அறையைப் பார்த்தபடிதான் இருக்கிறது. ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் இடையில் உள்ளதுதான் எனக்கு நேரம். மற்ற நேரம் எப்படிப் போகிறது என்று தெரியவில்லை.

ஒழுங்கையும் மாறிவிட்டது. மாமா சத்தம் போட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது முந்திப்போலத்தான். சத்தம் நின்றால்தான் பயம். நேற்று மத்தியானம் அவர் கண்ணயர்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் பிலோமினா அக்கா ஈரக்கையோடு ஓடிவந்து படலையைத் திறந்தார்.

“என்ன, மாமாவின்ர சத்தத்தைக் காணேல்ல?”

“நித்திரை, அக்கா.”

“வடிவாப் பாத்தனியோ?”

நான் உள்ளே போனேன். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். ஏறுவதுபோல இருந்தது. நிச்சயமாகத் தெரியவில்லை. பாவம், வலியில்லாமல் தூங்குகிற நேரம் அவருக்கு அது ஒன்றுதான். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி, முழுச் சத்தத்தோடு.

பிலோமினா அக்கா சிலுவை போட்டுக்கொண்டு படலையைச் சாத்தினார். நான் இயந்திரத்தைத் திரும்பவும் போட்டேன்.