ஏணியிலிருந்து பார்த்த கணக்கு வகுப்பு

கூரைக்குத் தகடு போடுவது என் வேலை. ஒரு ஷெட் முடிந்தால் அந்த ஊரும் முடிந்துவிடும். அப்படித்தான் கும்மிடிப்பூண்டிக்கு வந்தோம். ஆறாம் வகுப்புக்குள் என் மகளுக்கு இது நான்காவது பள்ளி. போன பள்ளியில் ஒரு விடையைத் தப்பாகச் சொன்னாள். வகுப்பே சிரித்தது. அந்த வருடம் முழுக்க வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை. ஏழாவதோடு நின்ற எனக்கு அவளைத் தேற்றவும் தெரியவில்லை.

புதுப் பள்ளியில் சைக்கிள் நிறுத்த ஷெட் போடும் வேலை எங்களுக்கே வந்தது. ஏணியில் ஏறினால், கரும்பலகையை ஒட்டிய ஜன்னல் வழியாக அவள் வகுப்பு முழுதும் தெரியும்.

கணக்கு டீச்சர் பாதிப் பாடத்தில் நிறுத்திக் கேள்வி போடுவார். எல்லாரும் சிலேட்டில் எழுதி ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். மதிப்பெண் கிடையாது. யார் எங்கே தடுக்கி நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு மேலே நடத்துவார்.

அன்று, நான்கில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா என்று கேட்டார். பாதி வகுப்பு எட்டில் ஒன்று என்றது. என் மகள் நான்கில் ஒன்று என்று எழுதியிருந்தாள். ஏணியிலிருந்தே ஜன்னல் பக்கம் தலையை நீட்டினேன்.

“எப்டி கண்டுபுடிச்ச?”

“தகடு எவ்ளோ தடின்னு சொல்ற கேஜ் நம்பர் மாரி மிஸ். நம்பர் ஏறுனா மெலிசாயிடும். எங்க நைனா சொன்னாரு.”

“அப்ப மூணுல ரெண்டு பெருசா, நாலுல மூணு பெருசா?”

மூன்றில் இரண்டு என்று தூக்கினாள். நானும் மனதுக்குள் அதையேதான் சொன்னேன். “தப்பு” என்று பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அவள் சிலேட்டை மடியில் கவிழ்த்தாள். போச்சு, என்னால்தான் போச்சு.

“சிரிச்சவங்க ஏன் தப்புன்னு சொல்லுங்க,” என்றார் டீச்சர். சிரித்தவர்கள் புத்தகத்தைப் புரட்டினார்கள். எல்லாருக்கும் சம நீளத்தில் இரண்டிரண்டு காகிதப் பட்டைகள் கொடுத்து, ஜோடி சேர்ந்து ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் மடித்துப் பார்க்கச் சொன்னார்.

“கோணிக்கினு போவுதுடி!” என்றாள் என் மகளோடு ஜோடி சேர்ந்தவள்.

“நீ அந்தாண்ட இஸ்த்துப் புடி!”

கீழேயிருந்து எங்கள் வெல்டர் கத்தினார்: “இன்னா மேஸ்திரி, ஸ்கூல்ல சேந்துட்டியா? போல்ட்டு இன்னாச்சு?”

“இருய்யா, ரிசல்ட்டு வருது!”

மகள் துள்ளி எழுந்தாள். “மிஸ்! நாலுல மூணுதான் பெருசு! ரெண்டுலயும் ஒரு துண்டுதான் கொறையுது. நாலுல கொறையிற துண்டு சின்னது. கேஜ் கணக்கு அந்தத் துண்டுக்குத்தான் மிஸ்!”

டீச்சர் உடனே அடுத்ததைப் போட்டார். நான்கில் மூன்றா, ஐந்தில் நான்கா? முதலில் எழுந்தது அவள் சிலேட்டு. அதோடு விடவில்லை, என்னைப் பார்த்து, “நைனா, நீயும் காட்டு!” என்றாள்.

மொத்த வகுப்பும் ஜன்னல் பக்கம் திரும்பியது. அளவு குறிக்கும் சாக்பீஸால் கையிலிருந்த தகட்டுத் துண்டில் ஐந்தில் நான்கு என்று எழுதித் தூக்கினேன்.

“ரைட்டு,” என்றாள். “ஏன்னு சொல்லு.”