இரண்டு தட்டு, ஒரு கீறல்

ஆராய்ச்சிக்கூடத்தில் சிலந்திகளுக்குத் தீனி போடுகிறவனை எல்லாரும் எட்டுக்கால் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளைத் தெரிந்துதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சிலந்திகள் ஒரு தினுசு. முன்கால்களில் சின்ன வலையொன்றை விரித்துப் பிடித்தபடி தலைகீழாகத் தொங்கும். காது கிடையாது, காலால்தான் கேட்கும். முதுகுக்குப் பின்னால் ஈ பறக்கும் ரீங்காரம் காலுக்கு எட்டியதும் பின்பக்கமாக வளைந்து வலையை வீசும். எட்டுக்கால் அந்த ரீங்காரத்தைச் செல்போனில் பிடித்து வைத்துக்கொண்டு, ஓய்வாக இருக்கும்போதெல்லாம் போட்டுவிடுவான். சிலந்தி பாயும், வெறும் காற்றை அள்ளும், மறுபடி தொங்கும். இவன் வயிறு வலிக்கச் சிரிப்பான். கடைசியில் நிஜ ஈயைப் பறக்கவிட்டாலும் அவை அசையவில்லை.

"சாப்பாடு பக்கத்துலயே பறக்குது, இதுங்க பட்டினி கெடந்து சாகுதே!" என்று ஆராய்ச்சி செய்த மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். இவன் எதுவும் தெரியாதவன்போல் நின்றான்.

வீட்டிலும் இதே புத்திதான். அப்பாவுக்குக் கண் போய்விட்டது, கட்டிலோடு கிடந்தார். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட மகளை அவரேதான் விரட்டினார். சாவதற்குள் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு ஆசை. அவள் கதவைத் தட்டுவதே தனி: இரண்டு தட்டு, நகத்தால் ஒரு கீறல். அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

"சோறு ஊட்டுறவன் நான், காது மட்டும் அவளுக்கா?" என்று இவனுக்கு வயிற்றெரிச்சல். வேலை முடிந்து வரும்போதெல்லாம் இரண்டு தட்டு, ஒரு கீறல். "வந்துட்டியாம்மா?" என்று கிழவர் தட்டுத்தடுமாறி எழுந்திருப்பார். இவன் சிரித்துக்கொண்டே உள்ளே வருவான், பாவி.

ஒருநாள் கடைக்குப் போனவன் பின்வாசல் வழியாக வந்து அடுப்படியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். கிழவருக்கு அது தெரியாது. முன்கதவில் இரண்டு தட்டு, ஒரு கீறல்.

கிழவர் அசையவில்லை. "போதும்! இன்னும் எத்தன நாளைக்கு என்னைச் சாகடிப்பே? போயிடு, இந்த வாசல்ல நிக்காதே!" என்று கத்தினார்.

எட்டுக்கால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். அவள் தெருமுனை திரும்பும்வரை இவன் வாயைத் திறக்கவில்லை.

"ஏண்டா, இன்னைக்குச் சிரிக்கவே காணோம்?" என்றார் கிழவர்.

எட்டுக்கால் சத்தம் போட்டுச் சிரித்தான்.