தண்டல் மாமா கெடுத்த ஆட்டம்

"…அஞ்சு புள்ளைங்க இருக்கிற வீட்டுல ஈ பறக்கிற சத்தம்கூட கேக்கலன்னா, பாக்கிறவன் என்ன நெனப்பான் தங்கச்சி?"

வாசலில் நின்று அம்மாவிடம் இப்படிச் சொன்னவர் தண்டல் மாமா. எங்கள் தோட்டத்தில் நூறு பேரை வேலை வாங்கிய மேஸ்திரி. அவருக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒரு ஜப்பான் சிப்பாய். உள்ளே, விரித்துப் போட்ட கோணிச் சாக்கில், கண்ணை மூடி, கையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு விடுவதுகூடத் தெரியாமல் நாங்கள் ஐந்து பேர். அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தை வெளியாள் ஒருவர் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை என்று நினைத்தேன். எனக்கு அப்போது வயது ஏழு.

பள்ளிக்கூடம் என்று சொன்னேன் அல்லவா, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கெடாவில் புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். சண்டை வருவதற்கு முன் அம்மா வெள்ளைக்காரத் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தார். துரையம்மா தன் இரண்டு பிள்ளைகளையும் வீட்டிலேயே வைத்துப் படிப்பித்தாராம். அதற்கென்று கப்பலில் வந்த ஒரு பெட்டி நிறைய மரச் சாமான்கள் இருந்தன. அந்தப் பிள்ளைகள் தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றின, மணிகளைப் பத்துப் பத்தாகக் கோத்தன, சொரசொரப்பான எழுத்துகளை விரலால் தடவின. துரையம்மா அதட்டவும் இல்லை, பிரம்பு எடுக்கவும் இல்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் கதவோரம் நின்று பார்த்தார். மூன்று வருஷம் பார்த்தார்.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை குடும்பம் ஒரே நாளில் காரேறிப் போய்விட்டது. தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் போய்விட்டார். பங்களாவில் சிப்பாய்கள் புகுந்தார்கள். அந்தப் பெட்டி அடுப்பெரிக்கப் போயிருக்கும். ஆனால் அம்மா அதைக் கண்ணாலேயே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்.

மணிக்குப் பதில் ரப்பர் கொட்டை. கண்ணாடிக் கிண்ணத்துக்குப் பதில் மரத்தில் பால் பிடிக்கிற மங்கு. சொரசொரப்பான எழுத்து வேண்டுமே? பலகையில் ரப்பர் பாலைக் குச்சியால் தொட்டு 'அ' எழுதி, அது காய்வதற்குள் ஆற்று மணலைத் தூவிவிட்டார். பால் இறுகியதும் அந்த 'அ' பலகையை விட்டு இன்றுவரைக்கும் பெயரவில்லை. இன்னொரு பலகையில் கம்பியைக் காய்ச்சிப் பத்துக் குழி போட்டார். குழிக்கு ஒரு கொட்டை. ஒன்று மிஞ்சினாலோ ஒரு குழி காலியாக இருந்தாலோ நாமே தெரிந்துகொள்ள வேண்டியதுதான். தப்பு என்று அம்மா வாயால் சொன்னதே கிடையாது. அதைப் பலகை சொல்லும்.

மாணவர்கள் ஐந்து பேர். நான், என் இரண்டு தம்பிகள், ரப்பர் காட்டு வேலைக்குப் போகும் சின்னம்மா காலையில் விட்டுப்போகிற இரண்டு பெண்கள். கடைக்குட்டித் தம்பிக்கு மூன்று வயது. மூத்தவள் நான் என்பதால் தலைமை மாணவி. அந்தப் பதவியை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

லயத்து வரிசை வீட்டுப் பெண்களுக்கு இது நல்ல வேடிக்கை. "துரை ஓடிட்டாரு, இவ துரையம்மா ஆயிட்டா!" என்று குழாயடியில் சிரிப்பார்கள். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்.

"அரிசியக் கண்ணால பாத்து ஆறு மாசம் ஆச்சு. தண்ணி ஊத்தறதுக்கு ஒரு பள்ளிக்கூடமா லா?"

அம்மா கோபப்படவில்லை. "சிந்தாம ஊத்தப் பழகுனா, இருக்கிற கஞ்சி அஞ்சு பேருக்கும் வருமில்ல அக்கா" என்றார். அந்த அக்கா மறுநாள் தன் மகனையும் கூட்டிக்கொண்டு வந்து, கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். என் அம்மா எப்படிப் பங்களாவில் நின்றாரோ, அப்படி.

பள்ளிக்கூடத்துக்குச் சட்டங்கள் இருந்தன. எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். கொட்டினவர்தான் பொறுக்க வேண்டும், அடுத்தவர் கை வைக்கக் கூடாது. கொட்டையை மங்கில் போடும்போது சத்தம் வரக் கூடாது. முட்டையை வைக்கிற மாதிரி வைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஓர் ஆட்டம் இருந்தது. அதையும் அம்மா துரையம்மாவிடமே பார்த்திருந்தார். மேசைமேல் இருக்கும் பெரிய மங்கை அம்மா கவிழ்த்து வைத்தால் ஆட்டம் ஆரம்பம். அந்த நொடியே கண்ணை மூடிச் சிலையாக உட்கார வேண்டும். அம்மா அடுப்படிக்குப் போய், அங்கிருந்து ரகசியக் குரலில் ஒவ்வொருவர் பேராகக் கூப்பிடுவார். பேர் வந்தவர் பலகைத் தரை முனகாமல் நடந்து அவரிடம் போக வேண்டும். கடைசிவரை காத்திருந்தவருக்குப் பெரிய கிழங்குத் துண்டு. அந்த ஆட்டத்தில் நான்தான் ராணி. கொசு கடித்தாலும் அசைய மாட்டேன்.

பல வருஷம் கழித்து, பாக்கார் ஆராங்கில் என் பேத்தியைச் சேர்த்த பாலர் பள்ளியில் இதே மணி, இதே கிண்ணம், இதே ஆட்டம் எல்லாவற்றையும் பார்த்தேன். "இது மாண்டிசோரி முறைம்மா, வெளிநாட்டுல இருந்து வந்தது" என்று அந்த டீச்சர் பெண் பொறுமையாக விளக்கினாள். "தெரியும்லா, எங்க வீட்டு வழியாத்தான் வந்துச்சு" என்றேன். அவள் நம்பவில்லை. அவள் நம்பாததால் என் பெருமை குறைந்துவிடவில்லை.

ஆனால் அந்த ஆட்டத்தை அம்மா ஏன் தினமும் மூன்று தடவை நடத்தினார் என்று சொல்ல வேண்டும்.

அந்தச் சமயம் ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் ஆட்கள் வரிசையாக நிற்கும் பிரட்டில் பேர் கூப்பிடும்போதே லாரியில் ஏற்றினார்கள். ஏறிப்போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. எங்கள் வரிசையில் மட்டும் நான்கு வீட்டில் ஆண்கள் இல்லை. அப்பா கோலா கெடாவுக்கு மீன் காயவைக்கப் போய்விட்டார் என்று அம்மா எல்லாரிடமும் சொன்னார். எங்களிடமும் அதையேதான் சொன்னார். அப்பா எங்கும் போகவில்லை. எங்கள் தலைக்கு மேலே, பரணில், காய்ந்த கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் படுத்திருந்தார். அவரைப் பிடித்தால் அவரும் லாரியில் ஏற வேண்டியதுதான். ஒளித்து வைத்ததற்கு அம்மாவுக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது.

சிப்பாய் வந்தால் பிள்ளைகள் வாய் திறக்காமல் இருக்க அந்த ஆட்டம். தலையைத் தூக்கிப் பார்க்காமல் இருக்க அம்மா இன்னொரு வழி கண்டுபிடித்தார். பரணில் முனியாண்டி குடியிருக்கிறார் என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு அது புதிதில்லை. தோட்டத்து எல்லையில் முனியாண்டி கோயில் இருந்தது, சண்டைக் காலத்தில் சாமி வீட்டுக்குள் வந்து தங்கினால் அதிலென்ன ஆச்சரியம்? பொழுது சாய்ந்ததும் அம்மா ஒரு தட்டில் அவித்த கிழங்கும், முனியாண்டி என்றால் வைத்தே ஆக வேண்டிய சுருட்டும் வைத்துப் பரண் விளிம்பில் தள்ளுவார். விடிந்தால் தட்டு காலி. எங்கள் சாமி சாப்பிடுகிற சாமி என்று எனக்கு அதிலும் ஒரு கர்வம்.

வழக்கம் குறையக் கூடாதென்று அம்மா சுருட்டும் வைத்தார் பாருங்கள், அதுதான் அவர் செய்த ஒரே தப்பு. அப்பா அதுவரை புகை பிடித்ததே இல்லை. காற்றில்லாத பரணில் சும்மா படுத்திருக்கும் மனிதன் என்ன செய்வான்? பழகிக்கொண்டார். கூடவே இருமலும் பழகிக்கொண்டது.

அன்று காலை பத்து மணி இருக்கும். கடைக்குட்டி பிஸ்கட் டின் நிறையக் கொட்டையை வைத்துக்கொண்டு பெரிது சிறிதாகப் பிரித்துக்கொண்டிருந்தான். வெளியே நாய்கள் குரைத்தன. பூட்ஸ் சத்தம் வந்தது. அம்மா பெரிய மங்கைக் கவிழ்த்தார். ஐந்து பேரும் சிலையானோம். பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் அழுவதும் ஓடுவதும் கேட்டது. எங்கள் வீட்டில் மட்டும் கோயில் போல அமைதி. அப்போதுதான் தண்டல் மாமா வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டார்.

தலைமை மாணவி என்ற உரிமையில் நான் ஒரு கண்ணை லேசாகத் திறந்தேன்.

சிப்பாய் உள்ளே வந்துவிட்டான். சின்ன வயதுப் பையன்தான். எங்களைப் பார்த்தான், சுவரில் சாய்த்திருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தான். குனிந்து அந்த மணல் 'அ'வை விரலால் ஒரு தரம் தடவினான். சுழியில் தொடங்கிச் சரியான திசையில்தான் போனான். பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நிமிர்ந்தான். பரண் விளிம்பில் இருந்த தட்டு அவன் கண்ணில் பட்டது. துப்பாக்கி முனையைத் தூக்கி ஒரு மூட்டையைக் குத்தினான். கிழங்குத் தூள் கொட்டியது. அடுத்த மூட்டைக்கு முனையை நகர்த்தினான்.

மேலே 'க்ஹ்' என்று ஒரு சத்தம்.

முனியாண்டிக்கும் இருமல் வருமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் தண்டல் மாமா கத்தினார். "நடுவீட்டுல என்னடா குப்ப இது!" அவர் உதைத்த உதையில் பிஸ்கட் டின் பறந்து சுவரில் மோதியது. கொட்டைகள் பலகைத் தரை முழுக்கச் சடசடவென்று சிதறி ஓடின. கடைக்குட்டி வீரிட்டான். அவனைப் பார்த்துச் சின்னம்மா பெண்கள் அலறினார்கள், அவர்களைப் பார்த்துப் பெரிய தம்பி. அந்த ஒரு நிமிஷத்தில் எங்கள் வீடும் மற்ற வீடுகளைப் போல ஆகிவிட்டது. சிப்பாய் திடுக்கிட்டுத் திரும்பினான். துப்பாக்கி கீழே இறங்கியது.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. ஆட்டம் போச்சு. ஜப்பான்காரன் முன்னால் எங்கள் மானமும் போச்சு. எழுந்து போய் அந்த ஆறடி மனிதருக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றேன்.

"கொட்டுனவங்கதான் பொறுக்கணும் மாமா. அதான் எங்க பள்ளிக்கூடச் சட்டம்."

"வாய மூடுடி" என்றார் அம்மா.

தண்டல் மாமா என்னைப் பார்த்தார். அவர் ஓர் அதட்டல் போட்டால் காட்டில் குரங்குகூட மரம் மாறும் என்பார்கள். அப்படிப்பட்டவர் தொப்பியைக் கழற்றினார். முழங்காலை மடக்கினார். எங்கள் கோணிச் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து கொட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

சிப்பாய் வாய்விட்டுச் சிரித்தான். என்னைக் காட்டி, மாமாவைக் காட்டி, அவன் பாஷையில் ஏதோ சொன்னான். என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே போய், படியில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தான்.

மாமா அத்தோடு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. டின்னை மடியருகே இழுத்து வைத்துக்கொண்டார். ஒரு கொட்டையை எடுத்தார். கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் போட்டார். டங். இன்னொன்றை எடுத்தார். டங்.

"சத்தம் வரக் கூடாது மாமா. முட்டைய வைக்கிற மாதிரி வைக்கணும்."

"பழக்கமில்லையே கண்ணு" என்றார் உரக்க. "இனிமேத்தான் கத்துக்கணும்."

மேலே முனியாண்டி வாயில் துணியைத் திணித்துக்கொண்டதுபோல மறுபடி இருமினார். டங். டங். டங். மாமாவின் நெற்றி வேர்வை மூக்கு வழியாகச் சொட்டியது. அம்மா சுவரோடு சாய்ந்து நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். தோட்டத்துக்கே தெரியும்படி நம் பள்ளிக்கூடத்தின் பேர் கெட்டதே என்று அழுகிறார் என எனக்குத் தோன்றியது. நாளைக்கு மாமா வந்தால் அவரைக் கடைக்குட்டியின் பக்கத்தில் உட்காரவைத்து முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பெரிய மனிதர்தான், ஆனால் கையில் பதம் இல்லை. அவருக்குக் கற்றுக்கொடுக்க என்னால் முடியும் என்றும் நம்பினேன்.

"மெதுவா, மாமா" என்றேன் மறுபடியும், துரையம்மா பேசுவதாக அம்மா பேசிக் காட்டிய அதே குரலில்.

அவர் தலையை ஆட்டினார். படியில் இருந்த சிப்பாயின் முதுகை ஒரு தரம் பார்த்தார். பிறகு சாக்குக்கு அடியில் உருண்டிருந்த ஒரு கொட்டையைத் தேடி எடுத்து, தலைக்கும் மேலே உயர்த்தி, டின்னுக்குள் விட்டார்.