கால் போன சேதி

அப்பாவுக்குக் கால் போய்விட்டது என்ற சேதியை, அடுத்த தெருவில் இருந்த அத்தைதான் அழுதுகொண்டே வந்து சொன்னார். அப்பா நத்தம் பக்கத்துத் தோப்புகளில் மாங்காய் வாங்கித் திண்டுக்கல்லில் விற்பவர். அன்று அவரோடு போயிருந்த வேன் டிரைவர், அம்மாவின் போன் அணைந்து கிடந்ததால் அத்தையை அழைத்திருக்கிறார்.

"கெணத்துல விழுந்துட்டாராம். கால் போச்சாம்!"

அம்மா அழவில்லை. "எந்தக் கால் மதினி?" என்று மட்டும் கேட்டாள்.

"அதக் கேக்குறதுக்குள்ள கட்டாயிருச்சே!"

திரும்ப அழைத்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகவே வந்தது. அம்மா ஒரு பையில் வேட்டியும் துண்டும் எடுத்து வைத்தாள். எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரியில் ஆங்கிலம் படித்த சித்தி ஆட்டோ பிடிக்க ஓடினாள். நான் மூன்றாம் வகுப்பு. இனி அப்பாவுக்குச் செருப்பு வாங்கினால் ஒன்று மட்டும் தருவார்களா என்ற யோசனை வந்ததும் எனக்கு அழுகை முட்டியது.

ஆட்டோவில் ஏறப்போகும் நேரத்தில் தெருமுனையில் வேன் திரும்பியது. அப்பா குதித்து இறங்கினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கீழேதான் பார்த்தேன். இரண்டும் இருந்தன. ஓடிப்போய் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

"செல்லு கெணத்துல விழுந்துருச்சு. இனிமே என் நம்பருக்குக் கால் போகாதுன்னு சொல்லச் சொன்னேன். அதுக்கா இம்புட்டுக் கூட்டம்?" என்றார் அப்பா.

சித்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மெசேஜ் கார்பிள் ஆயிருக்குக்கா!"

"யாரப் பாத்து என்ன வார்த்த சொல்ற?" என்று அத்தை சீறினார்.

"ஐயோ, அது இங்கிலீஷ் மதினி. சொன்னது ஒண்ணு, நடுவுல சிதைஞ்சு வேற ஒண்ணா வந்து சேந்தா அப்படிச் சொல்லுவாங்க. சிக்னல் பாதியத் தின்னுருச்சு."

எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. சிக்கிக் கிடந்த என் ரிப்பனை நீட்டி, "சித்தி, இது கார்பிள் ஆயிருச்சு" என்றேன்.

"ரிப்பன் சிக்கும்டி, கார்பிள் ஆகாது. பேச்சு, சேதி, இதுக்குத்தான் அந்த வார்த்த."

"அப்ப அத்தைதான் கார்பிளா?"

"அத்த இல்லடி. அத்தைக்கு வந்த சேதி!"

அத்தையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

சிரிக்காதவள் அம்மா மட்டும்தான். சாப்பாடு போடும்போது அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். ஒரு செல்லைப் பத்திரமாக வைக்கத் தெரியவில்லை, கிணற்றடியில் என்ன வேலை, போன மாதமே சட்டைப்பைக்குப் பொத்தான் வைக்கச் சொன்னேன் என்று தொடங்கியவள் அதற்குச் சம்பந்தமே இல்லாமல் எங்கெங்கோ போனாள். குழம்பு ஊற்றிய சோற்றில் மறுபடியும் குழம்பை ஊற்றினாள். பாதியில் குரல் உடைந்தது. அப்பா, "சரி, சரி" என்று தலையாட்டியபடி அந்தச் சோறு முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.

முழுசாகத் திரும்பி வந்த மனிதரை அம்மா ஏன் இந்தத் திட்டு திட்டுகிறாள், அப்பா ஏன் அதை இவ்வளவு சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.